டிரம்முக்குள் விட்ட டியூப்

முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டால் பெண்டாட்டிக்கு ஒன்றும் தெரியாது என்று நம்பினேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் கழித்தும் நம்பினேன். என்னை என்ன சொல்ல?

விஷயம் ஒரு டியூப். அன்று காலை எங்கள் பிளாக்கில் தண்ணீர் வரவில்லை. பைப் வேலை நடக்கிறது, பத்து மணிக்கு மேல்தான் வரும் என்றார்கள். கிளம்புவதற்குள் வந்தால் பிடித்துவிடலாமே என்று சமையலறைக் குழாயில் டியூப் மாட்டி, மறுமுனையை நடையிலிருந்த டிரம்முக்குள் விட்டு, குழாயை முழுசாகத் திறந்து வைத்தேன். புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. அதோடு மறந்துவிட்டேன். ஏழரைக்கு நானும் மனைவியும் மகளும் காரில் ஏறினோம். முதலில் திருவதிகை கோவில், மதியம் சேத்தியாத்தோப்பில் மனைவியின் சித்தப்பா வீட்டில் சாப்பாடு, பிறகு கங்கைகொண்ட சோழபுரம். இதுதான் திட்டம்.

திருவதிகையில் கால் கழுவக் குழாயைத் திருகினேன். தண்ணீர் கொட்டியது. வீட்டில் திறந்தபடி விட்டு வந்த குழாய் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

வீடு நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். ஆனால் டிரம்முக்கு எதிரே படுக்கையறை. அங்கே கட்டிலுக்கடியில், தரையோடு தரையாக ஓர் அட்டைப்பெட்டி. வீட்டிலுள்ள முக்கியமான தாள்களெல்லாம் அதில்தான். மகளின் ஒரிஜினல் சான்றிதழ்களும் அதில்தான். அடுத்த வாரம் கல்லூரியில் காட்ட வேண்டியவை. கண்ட இடத்தில் கிடக்கிறதே என்று பத்திரமாக எடுத்து உள்ளே வைத்த புண்ணியவான் நானேதான்.

பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் போயிருந்தார். சாவி என் பாக்கெட்டில். இத்தனைக்கும் எனக்கு மைன்ஸில் பம்ப் செக்‌ஷனில் வேலை. சுரங்கத்துக்குள் ஊறுகிற தண்ணீரை வெளியே இறைத்துத் தள்ளுவதுதான் இத்தனை வருடமாக என் பிழைப்பு.

"அப்பா, சாமி சிரிச்சே மூணு கோட்டையையும் எரிச்ச இடமாம்ப்பா இது" என்றாள் மகள்.

"பாத்தாச்சுல்ல, கெளம்பு."

"இன்னும் உள்ளயே போவலப்பா."

போனோம். அவள் ஒவ்வொரு சிலையாக நின்று படம் பிடித்தாள். எனக்குச் சிலையெல்லாம் நீச்சல் அடிப்பதுபோல் தெரிந்தது. சிவனுக்கென்ன, எரித்துவிட்டுச் சிரிக்கலாம். நான் அணைக்க வேண்டியது நெருப்பாக இருந்தாலாவது பரவாயில்லை.

இதில் பெரிய கொடுமை, சேத்தியாத்தோப்புக்குப் போகிற சாலை எங்கள் டவுன்ஷிப் ஓரமாகவே போகிறது. வடக்குத்து பக்கம் டவுன்ஷிப் நுழைவு ஆர்ச் தெரிந்ததும் காரை மெதுவாக்கினேன். மணி பத்தே முக்கால்.

"ஒரு எட்டு வூட்டுக்குப் போய்ட்டு வந்துடலாமா? வயிறு ஒரு மாதிரி இருக்குது."

"வூட்டுக்குள்ள பூந்தா நீங்க லுங்கியக் கட்டிகினு படுத்துடுவீங்க. பெட்ரோல் பங்க்ல பாத்ரூம் இருக்குது. ஓட்டுங்க."

ஸ்டீயரிங் என் கையில்தான் இருந்தது. தைரியம்தான் இல்லை. பங்கில் இறங்கி, ஒரு கோளாறும் இல்லாத வயிற்றோடு ஐந்து நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அங்கேயும் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

மனைவியின் சித்தப்பாவுக்கு ஒரு பழக்கம். வீட்டுக்கு வருகிற பிள்ளைகளின் மார்க்கைப் பார்த்தாக வேண்டும். வாயால் சொன்னால் நம்பமாட்டார், தாளைக் காட்ட வேண்டும். இலை போட்டு, எனக்கு இரண்டாம் முறை சாம்பார் ஊற்றும்போது ஆரம்பித்தார்.

"பாப்பா, மார்க்‌ஷீட்டு எங்க?"

நான் முந்திக்கொண்டேன். "வூட்ல பத்திரமா இருக்குது மாமா." குரல் கொஞ்சம் கீச்சிட்டது.

மகள் தோள்பையைத் திறந்தாள். "நேத்தே எடுத்து வெச்சிட்டேன் தாத்தா. நீங்க கேப்பீங்கன்னு தெரியாதா?" நீல நிற ஃபைல் வெளியே வந்தது. அத்தனையும் ஒரிஜினல்.

சாம்பார்க் கையோடு எழுந்து அதைக் கட்டிப்பிடிக்கப் போனேன். மகள் அலறிக்கொண்டு ஃபைலைத் தலைக்குமேல் தூக்கினாள். மனைவி மட்டும் அசையாமல் என்னைப் பார்த்தாள்.

"வூட்ல என்ன பண்ணி வெச்சிட்டு வந்தீங்க?"

சொன்னேன்.

"காலையிலேருந்து இத மனசுல வெச்சிகினா வயிறு சரியில்ல, வாயி சரியில்லன்னீங்க? ஆர்ச்சாண்ட வந்தப்பவே சொல்றதுக்கு என்னா?"

"திட்டுவியே."

"இப்ப மட்டும் கொஞ்சுவனா?"

சித்தப்பா மார்க்கைக் கூட்டுவதை நிறுத்தவேயில்லை. "மாப்ள, மைன்ஸக் காய வெச்சிட்டு வூட்ல ஏரி வெட்டிட்டீங்களா?" என்றார். பாயசம்கூடப் போடாமல் எங்களை அனுப்பிவைத்தார்கள். கங்கைகொண்ட சோழபுரம் போகவில்லை. திரும்பும் வழியெல்லாம் மகள் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

மூன்று மணிக்குக் கதவைத் திறந்தோம். தண்ணீர் வந்திருந்தது. டிரம் நிறைந்து, நடை நிறைந்து, படுக்கையறையில் கணுக்கால் வரை நின்றது. கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தேன். அடிப்பாகம் கையோடு பிய்ந்து வந்தது. அதில் மகளுடைய தாள் ஒன்றுகூட இல்லை. என்னுடைய பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டும் ஐ.டி.ஐ. சான்றிதழும் இருந்தன. இரண்டிலும் மை கரைந்திருந்தது.