நாத்தனார் கடை பம்பு

பம்புக்கார அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலை படு சுத்தம். அவள் மாட்டிய பம்பு முரண்டு பிடித்ததாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அதில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை, அதை மறைப்பானேன்.

அவளிடம் புருஷனின் தங்கை ஒரு வேலையாக வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் 'வாங்க, சாப்பிட்டீங்களா'வுக்கு மேல் பேச்சில்லை. சண்டையும் இல்லை, ஒட்டவில்லை, அவ்வளவுதான். நாத்தனார் சலவைக்கடை திறக்கிறாள், மறுநாள் காலையில் துணி வந்துவிடும், பம்பு மாட்ட வேண்டும். இந்த வேலையாவது தங்களைச் சேர்த்து வைக்காதா என்று அக்காவுக்கு உள்ளுக்குள் ஆசை.

அக்கா கடைக்குக் கொண்டுவந்த குழாயைப் பார்த்ததும் நாத்தனார் முகம் சுளித்தாள். "பம்போட வாய் இத்துனூண்டு. இவ்வளவு தடியா எதுக்கு அண்ணி? சின்னதாப் போட்டு அலமாரிக்குப் பின்னாடி வளைச்சு விட்டா அழகா இருக்குமே."

"வெளிய தள்ளறதுக்கு பம்புக்குத் தெம்பு இருக்கும்மா. கீழ்த்தொட்டியிலேருந்து உறிஞ்சறதுலதான் அது நோஞ்சான். உள்ள வர்ற குழாய் ஒரு சைஸ் பெருசா, குட்டையா, வளைவில்லாம இருக்கணும். வெளிய போறது சின்னதா இருந்தாலும் சமாளிச்சுக்கும், அதை வேணா அலமாரிக்குப் பின்னாடி கொண்டுபோறேன்."

நாத்தனார் அரைமனதாகத் தலையாட்டினாள். அக்கா உற்சாகமாகப் பேசிக்கொண்டே எல்லாவற்றையும் மாட்டி முடித்தாள்.

ஸ்விட்சைப் போட்டதும் பம்பு ஜல்லியை மெல்வதுபோல் கடகடத்தது. தண்ணீரை விக்கி விக்கித் துப்பியது. நிறுத்தி, நீர் ஊற்றி மறுபடி ஓட்டினாள், அதே கடகடப்பு. நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்தாள். அதுதான் அக்காவுக்குப் பகீரென்றது.

குனிந்து பார்த்தாள். பெரிய குழாயைப் பம்பின் சிறிய வாயோடு சேர்க்கும் ரெடியூசரில் ஒரு பக்கம் தட்டை, எதிர்ப்பக்கம் சரிவு. தட்டைதான் மேலே வரவேண்டும். சரிவு மேலே இருந்தால் அந்த மூலையில் காற்று சட்டமாக உட்கார்ந்துகொண்டு தண்ணீருக்கு வழிவிடாது. அக்கா சரிவை மேலே வைத்து மாட்டியிருந்தாள். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பாள்.

"தப்பு என்னோடதுதான். பேச்சு சுவாரஸ்யத்துல தலைகீழா மாட்டிட்டேன்," என்றாள். அவமானத்தில் காது சுட்டது.

நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பானரை எடுத்துக் கொடுத்தாள். இருவருமாக ரெடியூசரைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள். இம்முறை பம்பு சமர்த்தாக ஓடியது, துணி துவைக்கும் தொட்டியில் தண்ணீர் கொட்டியது.

நாத்தனாருக்குச் சிரிப்பு பீறிட்டது. "இத்தனை வருஷமா உங்க பக்கத்துல நிக்கவே பயம் அண்ணி. தப்பே பண்ணாத ஆளுகிட்ட என்னத்தப் பேசறதுன்னு இருந்துட்டேன்." கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "உட்காருங்க, டீ போடறேன். நிறையப் பேசணும்."