காதுக்குப் பின்னால் ஓர் இரும்புத் துண்டு

யோசனை தோன்றியது இண்டக்‌ஷன் அடுப்பின் முன்னால். பால் காயும் நேரத்தில் போனில் ஒரு கட்டுரை படித்தேன். மாத்திரைக்கு அடங்காத மனச்சோர்வுக்குத் தலைமேல் ஒரு கம்பிச்சுருளை, அதாவது காயிலை, வைத்துக் காந்தத் துடிப்பு கொடுக்கிறார்களாம். முன்னாள் ராணுவத்தினருக்கும் செய்து பார்க்கிறார்களாம். அடுப்புக்குள் இருப்பதும் காயில்தானே! பால் பொங்கி வழிந்தது. நான் கட்டுரையை விடவில்லை.

அப்பா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று ஆவடிக்குத் திரும்பியவர். வந்த புதிதில் பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி ஓடுவார். இப்போது அறையை விட்டே வருவதில்லை. மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தும் பலனில்லை. அவரை மறுபடி வெளியே பார்க்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான்.

இன்ஜினியரிங் படித்த கொழுப்பு, அடுப்பைக் காட்டியே அவருக்கு விளக்கினேன்.

“அப்போ என் தலைல பால் காய்ச்சப் போற?”

“ஐயோ அப்பா, சூடெல்லாம் ஏறாது. லேசா தட்டுற மாதிரி இருக்குமாம்.”

“அதுக்கு உங்கம்மா போதாதா?”

அம்மா கரண்டியைத் தூக்கிக் காட்டினார். ரொம்ப நாள் கழித்து அப்பா அடித்த ஜோக் அது. விடாமல் நச்சரித்து, அம்பத்தூரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டர் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் அப்பா நாற்காலியில் விறைப்பாக நிமிர்ந்தார்.

“நல்லா தூங்குறீங்களா?”

“தூங்குறேன் மேடம்.”

“தலைல, காதுகிட்ட மெட்டல் ஏதாவது? அடிபட்டு உள்ள தங்கினது?”

“நோ மேடம். ஃபிட்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் வலது காதுக்குப் பின்னால், குண்டு வெடித்துத் தெறித்த துண்டு ஒன்று தோலுக்கடியில் இருக்கிறது. சின்ன வயதில் நான் தடவித் தடவிப் பார்த்தது. ஆனால் ராணுவத்தில் மருத்துவச் சோதனைக்கு ஒரே பதில்தான். உடம்பில் கோளாறு என்று எழுதிவிட்டால் பதவி உயர்வு போச்சு. சீருடையைக் கழற்றியும் அந்தப் பதில் மட்டும் போகவில்லை.

உண்மையைச் சொன்னால் சிகிச்சையே கைநழுவலாம். சொல்லாவிட்டால் அந்தத் துண்டைக் காந்தம் என்ன செய்யும்?

“காதுக்குப் பின்னாடி ஒரு துண்டு இருக்கு மேடம்,” என்றேன்.

டாக்டர் பேனாவை வைத்தார். “நல்லவேளை சொன்னீங்க. அது என்ன, எங்க இருக்குன்னு தெரியாம காயிலைப் பக்கத்துலயே கொண்டுபோக மாட்டேன். மொதல்ல ஸ்கேன்.”

திரும்பும்போது ஆட்டோவில் அப்பா சீறினார். “டாக்டர் முன்னாடியே போட்டுக்குடுக்குற. நீ இன்னா, என் புள்ளையா, சிஐடியா?”

“அங்க ஃபிட்டுன்னு சொன்னா பிரமோஷன் குடுப்பாங்க. இங்க சொன்னா வைத்தியம் பண்ணாமலே ஊட்டுக்கு அனுப்பிடுவாங்கப்பா.”

ஆட்டோ திருமுல்லைவாயிலைத் தாண்டியது. அப்பா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “தூக்கமும் வர்றதில்ல.”

நாளைக் காலை ஸ்கேன். அதை எடுத்துக்கொண்டு மறுபடி அதே டாக்டரிடம் போகிறோம். மெஷின் ஒத்துவரும் என்றால் உடனே நாள் குறிப்போம். ஒத்துவராது என்றால், வேறு என்ன வழி என்று தெரியாமல் நான் நாற்காலியை விட்டு எழப்போவதில்லை. ஆனால் இந்த முறை முதலில் பேசப்போவது அப்பா. தூக்கத்திலிருந்து ஆரம்பிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.