ஏப்ரலில் பிறந்த வருடம்

ரிப்போர்ட் போடும் தொழிலில், கூட்டுத்தொகை சரியாக வந்த அன்றுதான் சண்டை ஆரம்பிக்கும். இதே பிழைப்பில் மாட்டியிருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெங்களூரில் இருபது வருடம் இதைச் செய்துவிட்டு ஊர் திரும்பி, தூத்துக்குடியில் ஓர் உப்புக் கம்பெனியில் உட்கார்ந்தேன். ஐந்து உப்பளங்கள், எல்லாம் குத்தகை. ஆகஸ்டுக்குள் ஒன்றை விட்டுவிடுவது என்று முதலாளி முடிவு செய்திருந்தார். எது என்பதை என் ரிப்போர்ட் சொல்ல வேண்டுமாம்.

காணாமல் போன மாதங்கள்

வருடத் தொடக்கத்திலிருந்து இதுவரை எத்தனை டன் என்று கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டம். எந்த அளம், எந்த மாதம் என்று தேர்ந்தெடுக்க ஒரு ஃபில்டர். முதலாளி ஜூலையைத் தட்டினார். வருட மொத்தமும் ஜூலைக்குச் சுருங்கிவிட்டது. ஃபில்டர் மற்ற மாதங்களை வெளியே தள்ளிவிட்டதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஜூலையத் தட்டுனா ஜூலை வருது. இதுக்கு ஒரு மெஷினு, ஒரு ஆளு. மத்த மாசமெல்லாம் எங்கவே போச்சு?"

அடைமழை விளைச்சல்

திருத்தினேன். இப்போது எந்த மாதத்தைத் தட்டினாலும், தொடக்கத்திலிருந்து அதுவரை கூட்டிக் காட்டும். சோதித்துப் பார்க்க அவர் போன நவம்பரைத் தட்டினார். மழை மாதம், ஒரு கல் உப்பு வாரவில்லை. அக்டோபர் வரை சேர்ந்த டன் அப்படியே நின்றது. நிற்கத்தான் வேண்டும். கண்ணாடியைக் கழற்றினார். "அடைமழையில அம்புட்டு உப்பா! எந்த அளம்னு சொல்லும், அங்கனயே குடிபோயிருதேன்."

மரியக்காவின் மூன்று மாதம்

ஒருவழியாக எல்லாம் சரியானது. விளைச்சலில் மூன்றாம் அளம் கடைசியில் நின்றது. அதையே விடுவது என்றானது. மறுநாள் அந்த அளத்துக் கங்காணி மரியக்கா ஆபீசுக்கே வந்துவிட்டார். அளம் போனால் அவருக்கும் அங்கே உப்பு வாரும் பெண்களுக்கும் வேலை போகும்.

"மழை விட்டதும் ஜனவரியில மொத உப்பு வாருனது நாங்கதான் தம்பி. அது இதுல எங்கன இருக்கு?"

"அது போன வருஷத்துல இருக்குக்கா. கம்ப்யூட்டர்ல ஏப்ரல்லதான் வருஷம் பொறக்கும்."

"அப்ப மார்ச்சு வரைக்கும் நாங்க வாருனதெல்லாம் என்ன, மண்ணா?"

அது மேட்டு அளம். சீக்கிரம் காயும், ஜூனிலேயே உப்புநீர்க் கிணறு வற்றிவிடும். மற்றவை ஏப்ரலில்தான் சூடு பிடிக்கும். அதன் நல்ல மூன்று மாதங்களையும் நான் வெட்டி எறிந்திருந்தேன். வருடம் எந்த மாதத்தில் தொடங்குவது என்பதற்கும் ஒரு ஃபில்டர் வைத்தேன். ஜனவரியைத் தட்டியதும் மூன்றாம் அளம் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. முதலாளி ஏப்ரல், ஜனவரி, ஏப்ரல், ஜனவரி என்று மாற்றி மாற்றித் தட்டினார். தட்டுகிறபடி கடைசி அளம் மாறுவதைப் பார்த்து முகம் மலர்ந்தது. "சரி, மூணாம் அளம் இருக்கட்டும். ஆனா வே, இந்தப் பட்டன் இருக்கது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்."

கணக்கைக் கூட்டுபவனுக்குச் சம்பளம் வரும். எங்கிருந்து கூட்டுவது என்று சொல்கிறவருக்கு அளமே வரும்.