‘நிழல் பானை’யின் கடைசிப் பதினாறு பக்கங்கள்

வாடகை நூலகத்தில் உட்காருகிற வேலையில் ஒரு கஷ்டம் உண்டு: கதை எழுதினவர் எங்கேயோ நிம்மதியாக இருப்பார், அவர் எழுதினதற்கு ஜனங்களிடம் பதில் சொல்வது நாமாக இருப்போம். அப்படி உட்கார்ந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லப் போவது புரியும். ஆரணியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கடை என் வீட்டுக்காரரின் தூரத்து மாமாவுடையது. தொண்ணூறுகளின் கடைசி. அலமாரிக்குப் பக்கத்தில் புடவைத் தூளி கட்டி, குழந்தையை அதில் போட்டுவிட்டு, ஆறாவது வரைக்கும் படித்த நான் அங்கே புத்தகம் கொடுத்து வாங்கினேன். நாலு பேர் சேர்ந்து வந்தால் எனக்கு வாய் திறக்காது.

நாலு தறி நின்றது

‘நிழல் பானை’ ஒரு மாயாஜால நாவல். ஒரு மந்திரவாதி ஊர் ஜனங்களின் நிழலையெல்லாம் பிடித்துப் பானைக்குள் அடைத்துவிடுவான். மின்னி என்கிற பெண், பேசுகிற கொக்கு ஒன்றைக் கூட்டிக்கொண்டு அதை மீட்கப் போவாள். மாமா அதை வேலூரில் பழைய புத்தகக் கடையில் கட்டோடு வாங்கி வந்திருந்தார். பிரித்துப் பார்த்திருக்க மாட்டார். நானும் பாதிதான் படித்திருந்தேன்.

பரிமளாக்கா எடுத்துப் போனாள். அவள் வீட்டுக் கூடத்தில் நாலு தறி. அவள் தறிக்கு நூல் தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு நடுவில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாள், மற்றவர்கள் நெய்துகொண்டே கேட்பார்கள். எங்கள் தெருவில் புத்தகம் படிப்பதென்றால் அப்படித்தான். மூன்றாம் நாள் வேகமாக வந்து மேஜைமேல் புத்தகத்தைப் போட்டாள். ‘மின்னி பானையின் மூடியைத் திறந்தாள். உள்ளே’ என்பதோடு சரி. அதற்கப்புறம் பதினாறு பக்கம் இல்லை, அட்டைதான் இருந்தது.

"நாலு தறியும் நின்னுகினு இருக்குது தங்கச்சி. பானைக்குள்ள இன்னா இருந்துச்சின்னு சொல்லு, நான் போவணும்."

கொக்கின் நிழல்

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கிழிந்த புத்தகம் கொடுத்தேன் என்று மாமாவிடம் போனால் வேலை போய்விடும் என்று பயம். கல்யாணத்துக்கு முன்னால் என் வேலை, தறியில் முடிந்துபோன பாவு நூலின் நுனியோடு புதுப் பாவு நூலை இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பது. எது பழசு எது புதுசு என்று நெய்கிறவருக்குக் கைக்குத் தட்டுப்படக் கூடாது. அந்தப் பழக்கமோ என்னவோ, தூளியைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

எல்லார் நிழலும் வெளியே வந்து அவரவர் காலடியில் ஒட்டிக்கொண்டது. மின்னியின் நிழல் மட்டும் பானைக்குள்ளேயே கரைந்துவிட்டது. அப்போது கொக்கு தன் நிழலை அவிழ்த்து அவளுக்குக் கொடுத்தது. அன்றிலிருந்து மின்னி வெயிலில் நடந்தால் தரையில் ஒரு பறவை கூடவே பறந்து போகும்.

சொல்லி முடித்ததும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. இது எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கு வரை தெரியவில்லை. பரிமளாக்கா வேகமாக வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் வந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு நேத்து சோறு துன்னல. அந்தக் கொக்கு இனிமே நிழல் இல்லாம எப்படி இருக்கும்னு கேட்டுகினே இருக்காரு."

பெரிய எழுத்து

அப்புறம் கிழிந்த புத்தகத்துக்குத்தான் கிராக்கி. எடுத்துப் போகிறவர்கள் திருப்பிக் கொடுக்கும்போது, "கடைசியை நீ சொல்வியாமே" என்று நிற்பார்கள். நானும் ஒரு சொல் மாறாமல் சொல்வேன். கண்ணமங்கலத்திலிருந்து வாரம் ஒருமுறை வரும் டைலர் ஒருவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதைக்காரர் எழுதினதை அப்படியே சொன்னாயா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அன்றைக்குத்தான் பொய் எனக்குக் கனத்தது.

"அதாம்மா படிச்சவங்க எழுத்துன்றது. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இப்படியெல்லாம் தோணுமா?" என்றார் டைலர்.

ஆட்டோவில் வந்த செய்தி

ஒரு நாள் ஒலிபெருக்கி கட்டின ஆட்டோ தெருவில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கல்யாண மண்டபத்தில் ‘நிழல் பானை’ நாடகம். நாவலையே நாடகமாக்கி ஊர் ஊராகப் போடுகிறார்களாம். பதினாறு பக்கமும் மேடையில் ஏறி எல்லார் எதிரிலும் நிற்கப் போகிறது. ஒரே நாளில் தெருவே நான் பொய்க்காரி என்று தெரிந்துகொள்ளும். மாமாவுக்கும் தெரியும். ஜுரம் என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பரிமளாக்கா வந்தாள்.

"எங்க வூட்ல எட்டு பேரு போறோம். கொக்கு நிழல அவுக்கிற எடத்துல நீ எம்பக்கத்துல இருக்கணும், சொல்லிட்டேன்."

மேடையில்

நான் அதுவரை நாடகமே பார்த்ததில்லை. நாவலில் மந்திரவாதியின் கோட்டைக்குப் பன்னிரண்டு பக்கம். மேடையில் ஒரு முக்காலிமேல் கறுப்புத் துணி, அவ்வளவுதான். ஆனால் அவன் அதன்மேல் ஏறி நின்றதும் பன்னிரண்டு பக்கமும் எனக்குள் பயமாக எழுந்து நின்றது. புத்தகத்துக் கொக்கு வெள்ளைவெளேர் என்று இருக்கும். இங்கே ஒல்லியாக ஒருவர், இரண்டு கையிலும் பனையோலை விசிறி. அவர் விசிறியை மெல்ல மடக்கினதும் மண்டபமே மூச்சை அடக்கியது. புத்தகத்தில் படிக்கும்போது ஒவ்வொருத்தருக்கும் ஒரு கொக்கு. இங்கே முந்நூறு பேருக்கும் ஒரே கொக்கு.

மின்னி மூடியைத் திறந்தாள். பானைக்குள்ளிருந்து வெளிச்சம் கிளம்பி, பின்னாலிருந்த வெள்ளைத் துணியில் நிழல் நிழலாக ஏறி, கூரை வரைக்கும் போனது. மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை வாயை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது. பயந்துகொண்டு போனதே எனக்கு மறந்துவிட்டது. எட்டு பேரும் விசிறிக்காரரையே பார்த்தார்கள். அவர் அசையவில்லை. மின்னி தன் நிழலையே பானைக்குள் விட்டு மூடினாள். நாலு பக்கமும் விளக்கு எரிந்தது. அவள் காலடியில் துளி நிழல் இல்லை. திரை விழுந்தது.

ஜனங்கள் கை தட்டக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்கள். பரிமளாக்காதான் முதலில் எழுந்தாள்.

"நல்லாத்தான் கீது. ஆனா புத்தகத்த ஒழுங்கா படிக்காம நாடகம் போட வந்துட்டாங்க."

திரைக்குப் பின்னால்

அதோடு விட்டாளா? என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். மந்திரவாதியாக நடித்தவர்தான் நாடகத்தை நடத்துகிறவர். பாதி முகத்துச் சாயத்தைத் துடைத்திருந்தார். "கடைசியை ஏன் மாத்தனீங்க? எங்க புத்தகத்துல கொக்குதான் நிழலக் கொடுக்கும். இவளைக் கேளுங்க" என்றாள் பரிமளாக்கா. அவர் என்னைப் பார்த்தார். பொய் சொல்ல அந்த இடத்தில் எனக்கு முடியவில்லை. பக்கம் கிழிந்தது, தறி நின்றது, நானே சேர்த்தது, எல்லாவற்றையும் குழந்தையின் தலையைப் பார்த்தே சொல்லி முடித்தேன்.

அவர் கையிலிருந்த துணியை ரொம்ப நேரம் மடித்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "புத்தகத்துல பானை காலிம்மா. உள்ள ஒண்ணுமே இல்ல, நிழல் எங்கயும் போகல, பயத்துலதான் கண்ணுக்குத் தெரியலன்னு எழுதினவரு முடிச்சிருக்காரு. டிக்கெட் வாங்கினு வந்தவங்களுக்குக் காலிப் பானைய எப்படிம்மா காட்டுறது?"

பரிமளாக்கா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வெளியே வந்து செருப்பை மாட்டினாள். அழுகை முட்டிக்கொண்டு நின்ற என்னிடம், யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"தலய நிமித்தாம உக்காந்துகினு, எங்க எல்லாரையும் அழ வெச்சது நீதானா?"

விஷயம் தெரிந்து மாமா என்னைத் திட்டிவிட்டு, பதினாறு பக்கமும் சரியாக இருக்கிற ஒரு ‘நிழல் பானை’யை வாங்கி வைத்தார்; நான் அந்தக் கடையில் இருந்த வரைக்கும் ஒருத்தர்கூட அதைக் கேட்கவில்லை.