பூட்டிய திரையில் வந்த எண்

ஸ்கேன் சென்டரில் அவளுக்குப் போலீஸ்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் சொல்வார்கள். ரிசப்ஷன் பெண் மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்த பாஸ்வேர்டைக் கிழித்துக் குப்பையில் போட்டவள் அவள்தான். "பிறந்த தேதியையா வச்சிருக்க? அதுக்கு வாசல்லயே போர்டு மாட்டிடலாமே" என்று நாலு பேர் முன்னால் கேட்டவளும் அவள்தான்.

வீட்டிலும் இதே கூத்து. மாமியாரின் போனைத் திறக்கும் எண்ணாக இருந்த நாலு ஒன்றுகளை மாற்றி ஆறு இலக்க எண் வைத்துக் கொடுத்தாள். மாமியார் அதை மறந்துவிட்டு, மகளைக் கூப்பிட முடியாமல் ஒரு சாயங்காலம் முழுக்கப் போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று முதல் மருமகளோடு பேச்சென்றால் "கதவைச் சாத்து", "விளக்கை அணை", அவ்வளவுதான். கணவர் ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"என்கிட்டகூட உன் போன் லாக் நம்பரைச் சொல்ல மாட்டியா?"

"உங்க வாய்க்கு முதல்ல ஒரு லாக் போடுங்க. அப்புறம் சொல்றேன்."

அவர் அதோடு விட்டுவிட்டார். அவளோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவர் அந்த வீட்டில் யாரும் இல்லை.

சென்டரில் இரண்டு எம்.ஆர்.ஐ. அறைகள். காந்தம் இருப்பதால் உள்ளே போகிறவர்கள் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டு அறைகளுக்கும் நடுவில், கம்ப்யூட்டர்களுக்குப் பக்கத்தில், ஒரு நீல பிளாஸ்டிக் தட்டு. எல்லாருடைய போனும் அதில்தான் மல்லாந்து கிடக்கும். ஸ்கேன் முடிந்ததும் டெக்னீஷியன் தன் பெயரைத் தேர்ந்து, பாஸ்வேர்டு போட்டு ஃபைலை மூட வேண்டும். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு ஓ.டி.பி. என்று இன்னொரு வழியும் உண்டு. அது அவரவர் போனுக்கு வரும். அவள் அந்த வழியைத் தொட்டதே இல்லை. மறதி என்பது மற்றவர்களுக்கு வருகிற வியாதி என்பது அவள் கட்சி. சென்டரிலிருந்து நாள் முழுக்க ஷிப்ட் மாற்றம், மீட்டிங், கை கழுவுங்கள் என்று மெசேஜ் வந்து குவியும். அவற்றையும் அவள் திறந்து பார்ப்பதில்லை.

அங்கே அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஆள் ஒருவன் உண்டு. முதலாளி டாக்டரின் மகளைக் கட்டியவன். சென்டரே அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டது. ஸ்கேன் எடுக்க அரசுப் பதிவு வேண்டும்; அதற்கான தேர்வில் இன்னும் தேறவில்லை, ஃபைல் மூடும் பட்டியலில் பெயரும் இல்லை. ஆனால் மெஷினில் உட்காருவான். அவளை "அக்கா" என்பான். அந்த அக்காவில் இருக்கும் நக்கலை அவள் நன்றாக அறிவாள்.

ஒரு காலைப்பொழுதில் முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டார். மாப்பிள்ளை முன்னாலேயே வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தான். மேஜைப் போன் ஸ்பீக்கரில் எலும்பு டாக்டர் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்.

"போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வலது முழங்கால் கேட்டு ஒரு பேஷண்டை அனுப்பினேன். இடதை எடுத்து அனுப்பியிருக்கீங்க. ஆபரேஷன் தியேட்டர்ல படத்தைப் பார்த்துட்டு நிக்கறேன், கால் நல்லா இருக்கு. யார் மூடின ஃபைல் இது?"

"இதோ நிக்கறாங்க" என்றார் முதலாளி.

"பதிவுக் கவுன்சிலுக்கு எழுதப் போறேன். இவங்க இனிமே மெஷினைத் தொடக் கூடாது."

பதிவு போனால் அவளுடைய பதினைந்து வருஷ வேலையும் போச்சு.

"நான் அந்த ஸ்கேன் எடுக்கலை சார். அந்த நேரத்துல ரெண்டாவது ரூம்ல இருந்தேன். குழாய்க்குள்ள போக பயந்த ஒரு அம்மா கையைப் பிடிச்சுட்டு, முடியற வரைக்கும் உள்ளயே நின்னேன்."

"உன் பேர்ல மூடியிருக்கு. ஓ.டி.பி. உன் போனுக்குத்தான் வந்திருக்கு." முதலாளி நிதானமாகத்தான் சொன்னார். "உன் போனை யாராலயும் திறக்க முடியாதுன்னு நீதானே ஊர் பூரா சொல்லிட்டு திரியற?"

"புருஷனுக்கே நம்பர் தெரியாதாம் மாமா" என்றான் மாப்பிள்ளை. "அக்காவே பெருமையா சொல்லியிருக்காங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. போனைத் திறந்தாள். திறக்காத மெசேஜ்களுக்கு நடுவில் அந்த எண் இருந்தது. அதற்கு மேலும் கீழுமாக, வேறு வேறு நாட்களில், அவள் கேட்காத எண்கள். திறக்காத போன், திறக்காத மெசேஜ். பிறகு யார் படித்தது? நீலத் தட்டு கண்ணில் வந்து நின்றது. படிக்க எதற்குத் திறக்க வேண்டும்?

போனைப் பூட்டி மேஜையில் மல்லாக்க வைத்தாள்.

"சார், உங்க கம்ப்யூட்டர்ல என் பேரை அழுத்துங்க. ஓ.டி.பி. கேளுங்க."

"எதுக்கு?"

"அழுத்துங்க சார். வேலை போகப் போறது எனக்குத்தானே."

அழுத்தினார். பூட்டிய திரை தானாக வெளிச்சமானது. ஆறு எண்களும் பளிச்சென்று கண்ணாடிமேல் நின்றன. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"படிச்சுப் போடுங்க."

அவர் போட்டார். அவள் பெயரில் ஃபைல்கள் திறந்தன.

"இந்த ரூம்ல இப்ப நீங்கதான் நான்" என்றாள்.

முதலாளி நாற்காலியில் நெளிந்தார். "அப்படின்னா இது உன் அலட்சியம். திரையில மெசேஜ் தெரியற மாதிரி ஏன் வச்சிருந்த? ஊருக்கு உபதேசம் பண்ற ஆள் நீ."

அது சுட்டது. சரியான இடத்திலேயே சுட்டது. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து முதலாளியின் பெயரைத் தேர்ந்து அதே பொத்தானை அழுத்தினாள். பேனா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிடந்த அவருடைய போன் அதிர்ந்து ஒளிர்ந்தது. அவர் கை நீட்டுவதற்குள் ஆறு எண்ணையும் ஸ்பீக்கருக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

"இது யார் அலட்சியம் சார்?"

அவர் போனைப் படாரென்று கவிழ்த்து வைத்தார். மாப்பிள்ளை சாய்ந்திருந்த முதுகை நிமிர்த்தினான்.

"அங்க என்ன நடக்குது?" என்றது ஸ்பீக்கர்.

"என் பேர்ல யார் வேணாலும் ஃபைலை மூடலாம்னு காட்டினேன் டாக்டர். போன் வெளிய தட்டுல கிடக்கும். நான் உள்ள இருப்பேன்."

"அப்ப அந்த முழங்காலை எடுத்தது யார்?"

அவள் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான்.

"மெஷின்ல ஏதோ கோளாறா இருக்கலாம்" என்றார் முதலாளி.

"மெஷின் தானா இடது காலைத் தேடிப் போகுமா? ஆள் பேரைச் சொல்லுங்க. அவருக்குப் பதிவு இருக்கா இல்லையா, அதையும் சொல்லுங்க."

முதலாளியின் கை இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானை நோக்கி மெல்ல நகர்ந்தது. அவள் அந்த மேஜைப் போனை ஒயரோடு தூக்கித் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அக்கா, அதைக் கீழ வைங்க" என்றான் மாப்பிள்ளை. முதல் தடவையாக அந்த அக்காவில் நக்கல் இல்லை.

"நீ சும்மா இரு" என்றாள். பிறகு போனைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க டாக்டர். சார் இப்ப சொல்லுவாரு."