லாஷ்

என் மாமனார் என்னை ஒரு தடவையாவது ‘மாப்ள’ என்று கூப்பிட மாட்டாரா என்று கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்தேன். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனோடு திரும்பிய சொல்தா, பழைய சிப்பாய். நான் சரக்குக் கப்பல் வேலையை விட்டுவிட்டு, முத்தியால்பேட்டையில் அவர் வீட்டு மாடியில் மனைவியோடு ஒண்டிக்கொண்டவன். தெருவே என்னை வீட்டோட மாப்பிள்ளை என்றது. அவர் அந்த மாப்பிள்ளையைக்கூடத் தரவில்லை. ‘மூஸ்’ என்பார். பிரெஞ்சுக் கப்பல்களில் எடுபிடிக்கு அதுதான் பெயராம். சொந்தக்காரர்கள் முன்னாலும் அப்படியே கூப்பிடுவார். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

சுனாமிக்கு அடுத்த வருஷம், சொந்த நாட்டுக்கே திரும்பிப் போன வெள்ளைக்காரர் ஒருவரின் பழைய பாய்மரப் படகு மாமனார் கைக்கு வந்தது. அதன் முன்பாயை ஏற்றி இறக்க வேண்டாம். படுக்கிற பாயைச் சுருட்டுவது போல அது முன்கம்பியைச் சுற்றிச் சுருண்டுகொள்ளும். கம்பியின் அடியில் ஒரு டிரம். டிரம்மில் சுற்றிய கயிறு படகின் பின்பக்கம் வரை வரும். இழுத்தால் பாய் சுருளும், விட்டால் விரியும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் உப்பு ஏறினால் டிரம் முரண்டு பிடிக்கும். போதாக்குறைக்கு அவர் கிரீஸை அள்ளி அப்பியிருந்தார். அதில் மணல் ஒட்டி நறநறவென்று அரைத்தது. நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கழுவி அதைச் சுற்ற வைத்தது நான். கயிறு தளர்ந்து, சுற்றுமேல் சுற்று ஏறிக் கடித்துக்கொண்டால் திட்டு வாங்கியதும் நான்தான்.

படகில் தமிழ் பேசக் கூடாது என்பது அவர் சட்டம். “தமிழ் பேசணும்னா கட்டுமரத்துக்குப் போ” என்பார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, மெர்சி ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகத்துவாரம் தாண்டியதும் காற்று வலுத்தது. பாயைச் சுருட்டச் சொல்லிக் கையைச் சுழற்றிக் காட்டினார். பாதி சுருண்டதும் கயிறு நின்றுவிட்டது. டிரம்மில் சுற்றுகள் சிக்கியிருந்தன. என்னைத் திட்டிக்கொண்டே முன்னால் போய்க் குப்புறப் படுத்தார். சிக்கின கயிற்றுக்கு அடியில் விரல்களை நுழைத்து நெம்பினார். நான் பின்னால் கயிற்று நுனியைப் பிடித்தபடி நின்றேன். படபடத்த பாய் அவரை மறைத்தது.

“லாஷ்!” என்று கத்தினார்.

கப்பலில் லாஷ் என்றால் இறுக்கிக் கட்டுவது. எத்தனை கண்டெய்னரை லாஷ் பண்ணியிருப்பேன்! படகில் அவர் சொன்னது முதல் தடவையாக எனக்குப் புரிந்தது. காலை உதைத்துக்கொண்டு பலங்கொண்ட மட்டும் இழுத்து, கயிறு கட்டும் கொம்பில் சுற்றினேன்.

“லாஷ்! லாஷ்!”

குரல் கிறீச்சிட்டது. இன்னும் இறுக்கச் சொல்கிறார் என்று இன்னொரு சுற்று இழுத்துக் கட்டினேன். உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு அவர் எந்த பாஷையிலும் சேராமல் அலறினார்.

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். நடந்ததைக் கேட்ட என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் அவள்.

“ஐயோ, பிரெஞ்சுல லாஷ்னா விடுன்னு அர்த்தங்க!”

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ‘விடு’ என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? வாய்க்குள்ளேயே கிடந்த இரண்டெழுத்தை வெளியே விடாமல் விரலை விட்டார் மனுஷன்.

மறுநாள் சொந்தக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். அவர் கட்டுப்போட்ட கையைத் தூக்கி என்னைக் காட்டினார்.

“இதோ நிக்கிறாரே, நம்ம மாப்ள” என்றார், நல்ல தமிழில். “என் பொண்ணக் கட்டுனதும் இவருதான். என் கையக் கட்டுனதும் இவருதான்.”