பூச்சியின் பெயரை அவர் சொல்வதில்லை

முதல் மணி அடித்ததும் மேசை விசிறியை நிறுத்துகிறார். இடது காதுத் தோட்டைக் கழற்றி, ரப்பர் ஸ்டாம்ப் பெட்டியின் மூடியில் வைக்கிறார். லேசாகச் செருமிக்கொள்கிறார். அடுத்த மணிக்குள் ரிசீவர் காதில் இருக்கிறது. "வணக்கம், சொல்லுங்க" என்கிறார். கம்பெனியின் பெயரைச் சொல்வதில்லை. அந்தப் பெயரில் 'பூச்சி' என்ற சொல் வருகிறது. கூப்பிடுகிறவர் பக்கத்தில் யார் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்களோ, யார் கண்டது?

குரலை உயர்த்தாமல் பேசுவதால் தெருவில் அவருக்கு மெதுவக்கா என்று பெயர். கரையான், கரப்பான், எலி, மூட்டைப்பூச்சி எல்லாவற்றுக்கும் மருந்து அடிக்கும் சின்னக் கம்பெனி அவர்களுடையது. மருந்து டப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவது அவர் கணவரும் கொழுந்தனும். போன் மட்டும் அக்காவின் ராஜ்ஜியம். மாடிப்படிக்குக் கீழே மறித்துக் கட்டிய அறைதான் அலுவலகம். வாசல் பக்கம் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே போகப் போகக் கூரை இறங்கிக்கொண்டே வரும். இந்த இடமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எங்கள் வீடு சுத்தமான வீடு. அதற்கு மேல் நான் சொல்வதற்கில்லை.

"எலிக்குப் போன் பண்றவங்க கோபமாப் பேசுவாங்க. கரையானுக்குப் பண்றவங்க அழுவாங்க. மூட்டைப்பூச்சிக்குப் பண்றவங்க மட்டும் வாயைப் பொத்திக்கிட்டுப் பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு, பொத்திக்கொண்டு பேசியும் காட்டுவார். அந்த வாய்களுக்காகவே ஒரு வழி வைத்திருக்கிறார். கேள்வி முழுவதையும் அவரே கேட்டுவிடுவார். எதிர்முனையில் இருப்பவர் 'ஆமா', 'இல்ல' என்றால் போதும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கலாம். மருமகள் அங்கிருந்தே காரியத்தை முடித்துவிடலாம். அக்கா திரும்பக் கூப்பிடும்போது வேறு யாராவது எடுத்தால், "ஒண்ணுமில்லீங்க, அப்புறம் பண்றேன்" என்று வைத்துவிடுவார். தகவல் சொல்லிவிட்டு வைக்கிற பேச்சே கிடையாது.

முன்பு போன் கொழுந்தனின் கையில் இருந்தது. தங்கமான மனிதர். ஆனால் அவர் குரலுக்குப் போனே தேவையில்லை, ஜன்னலைத் திறந்தால் போதும். "மூட்டைப்பூச்சிதானே? கட்டில்லயா, சோபாலயா?" என்று இங்கே அவர் கேட்டால், அங்கே விருந்துக்கு வந்தவர்கள் சோபாவிலிருந்து எழுந்துவிடுவார்கள். கூப்பிட்டவர் மறுபடி கூப்பிடுவாரா? இந்த நேரம் பார்த்துப் பெரிய தெருவில் ஒரு பெரிய கம்பெனி திறந்தார்கள். வேன், சீருடை, போனைத் தானே எடுத்துப் பாட்டுப் போடும் மெஷின், எல்லாம் வந்திறங்கின. இங்கே போன் அடிப்பது குறைந்தது. கடைசியில் கணவர், அந்தக் கம்பெனியிலேயே வேலைக்குச் சேரப்போவதாகச் சொன்னார். இந்த மாதத்தோடு கடையை மூடிவிடலாம் என்றார்.

அக்கா வாதாடவில்லை. மூடும் வரைக்கும் போனைத் தன்னிடம் கொடுங்கள் என்று மட்டும் கேட்டார். "இந்தச் சனியனை நீங்களே வெச்சுக்குங்க அண்ணி" என்று கொழுந்தன் மகிழ்ச்சியாக நகர்ந்துகொண்டார். முதல் இரண்டு மூன்று அழைப்புகளில் அக்காவுக்குக் கை வியர்த்து ரிசீவர் வழுக்கியதாம். அதற்குப் பிறகு பழகிவிட்டது. ஆனாலும் கணவர் மனம் மாறவில்லை. அந்தக் கம்பெனிக்காரர்கள் சீருடைக்கு அளவுகூட எடுத்துவிட்டார்கள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு மதியம். வீட்டு ஆண்கள் இருவரும் சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். போன் வந்தது. அக்கா வணக்கம் சொல்லி முடிக்கும் முன்பே, வயதான ஆண் குரல் ஒன்று, "சித்தி, நான்தான் பேசுறேன். சாப்பிட்டீங்களா?" என்றது.

அக்காவுக்கு அக்கா கிடையாது. கணவருக்கு அண்ணன் கிடையாது. இந்த உலகத்தில் யாருக்கும் அவர் சித்தி முறையாக வழியே இல்லை. வேறு யாராக இருந்தாலும் ராங் நம்பர் என்று வைத்திருப்பார்கள். ஆனால் அந்தக் குரலுக்குப் பின்னால் வேறு சிலர் பேசிச் சிரிப்பது அக்காவின் காதில் விழுந்தது.

"சாப்பிட்டேன் கண்ணு. பக்கத்துல ஆளுங்க இருக்காங்களா?"

"ஆமா சித்தி."

"உக்கார்ற எடத்துல கடிக்குதா?"

"ரொம்ப, சித்தி."

வீடா என்றார், இல்லை. லாட்ஜா என்றார், இல்லை. தியேட்டரா என்றதும், "அதேதான் சித்தி" என்று அந்தக் குரலில் அப்படியொரு நிம்மதி. கீழேயா, பால்கனியா என்பதும் தெரிந்தது. எத்தனை வரிசை என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாதே?

"நான் எண்ணிக்கிட்டே வரேன். சரியா வந்ததும் போதும்னு சொல்லுங்க. ஒரு வரிசை. ரெண்டு. மூணு. நாலு."

"போதும் சித்தி. போதும்."

அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், உங்கள் சித்தி போனிலேயே சோறு பரிமாறுகிறார் போலிருக்கிறது என்று கிண்டல் செய்தாராம். அவர்கள் படம் வெளியிடுகிறவர்கள். புதுப்படத்தை இந்தத் தியேட்டருக்குக் கொடுப்பதா, வேறு இடத்துக்குக் கொடுப்பதா என்று முடிவு செய்ய வந்து, போனில் பேசிய தியேட்டர் மேனேஜரின் எதிரிலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வெளியே போனால் என்ன ஏது என்று கேட்பார்கள். காலையில் பெரிய கம்பெனிக்குத்தான் மேனேஜர் முதலில் போன் செய்திருந்தார். ஒன்றை அமுக்கி, இரண்டை அமுக்கி, பாட்டுக் கேட்டு, ஒருவழியாக விவரம் சொன்னார். அவர்களோ திரும்பக் கூப்பிட்டு, டிக்கெட் கொடுக்கிற ஆளிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார்கள். இந்தக் கதையெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம், அந்த மனிதர் வசமாக மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும்தான்.

இன்றைக்கே வர வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றது குரல். வாசலில் கணவர் எழுந்து நின்றுவிட்டார். தியேட்டர் என்றால் சும்மாவா? ஆனால் அக்கா இன்னும் மெதுவாகச் சொன்னார்:

"மருந்து அடிச்சா நாளைக்குப் பூரா அங்க யாரையும் உக்கார வைக்கக் கூடாது. அதுக்கு ஒத்துக்கிட்டாத்தான் வருவோம். சம்மதமா?"

எதிர்முனையில் மற்றவர்களின் சிரிப்பு மட்டும் கேட்டது. கணவர் கையை ஆட்டி, அரை நாள் என்று சொல், அரை நாள் என்று சொல் என்று ஜாடை காட்டினார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "யோசிக்கிறவங்க வாயில நாம வார்த்தையைத் திணிக்கக் கூடாது" என்பது அவர் கட்சி. பேசாமல் காத்திருந்தார். இந்த ஒரு போன் கைவிட்டுப் போனால் கடையும் போகும் என்பது அவருக்குத் தெரியாதா?

"சரி சித்தி" என்றது குரல் கடைசியில். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அன்று அண்ணனும் தம்பியும் பல்பு மாற்ற வந்தவர்களாகத் தியேட்டருக்குள் போய், வேலையைக் கச்சிதமாக முடித்தார்கள். மறுநாள் பால்கனி பூட்டிக் கிடந்தது. அதற்கு அடுத்த நாள் அக்கா போன் செய்தபோது டிக்கெட் ஆள் எடுத்தார். யார் என்று கேட்டதற்கு, மேனேஜருக்குச் சித்தி என்றார். மேனேஜர் வந்து, கடி அடியோடு நின்றுவிட்டது என்று குழந்தை மாதிரிச் சொன்னார். புதுப்படம் அங்கேதான் வந்தது. பால்கனி நிரம்பி வழிந்தது. நரைத்த மீசையோடு அந்த மனிதர் நேரில் வந்து வருடம் முழுவதற்கும் வேலை கொடுத்துவிட்டுப் போனார். தன்னைவிடச் சின்னவரான அக்காவை இன்றைக்கும் சித்தி என்றுதான் கூப்பிடுகிறார். அவர் சொல்லி ஒரு லாட்ஜ் வந்தது, பிறகு ஒரு ஹாஸ்டல், பிறகு பஸ் கம்பெனி. கணவர் குளித்து, தலை வாரி, பெரிய கம்பெனிக்குப் போய், தான் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டாவது போன் ஒன்று போட்டு நாத்தனாரை உட்கார வைத்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் மணி அடித்தால், தும்மல் வந்தால்கூடக் கொழுந்தன் தெருவுக்குப் போய்த்தான் தும்முகிறார்.

போன வாரம் நான் அங்கே இருந்தேன். ஏன் என்பது வேண்டாம். பெரிய கம்பெனியின் மேலாளரே அக்காவைக் கூப்பிட்டார். தங்கள் அலுவலகத்துக்கே வேலைக்கு வந்துவிடும்படியும், மெஷினை எடுத்துவிடத் தயாராக இருப்பதாகவும் அவர் சொல்வது எனக்கே கேட்டது. அவர் பேசி முடிக்கும் வரை அக்கா குறுக்கே ஒரு சொல்லும் பேசவில்லை.

"கேட்டதுக்கு ரொம்ப நன்றிங்க சார். ஆனா எங்களுக்கே ஆள் பத்தலை. உங்ககிட்ட பாட்டுப் போடாம பேசத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா இங்க அனுப்பி வைங்க."

ரிசீவரை முட்டையை வைப்பதுபோல் வைத்தார். பிறகு எழுந்து, என்னையும் நாத்தனாரையும் சட்டை செய்யாமல், இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு அந்தச் சின்ன அறையை ஒரு சுற்றுச் சுற்றினார். படிக்கட்டு தாழ்ந்து வரும் மூலையில் தலையை மட்டும் கொஞ்சம் குனிந்து, கையை இடுப்பிலிருந்து எடுக்காமல்.